மலைத்தேனீ வரும் மாதம்: நீலகிரி நாட்குறிப்பு

மார்ச் 8, ஞாயிறு – கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே துப்பட்டா வேர்வையில் நனைந்துவிட்டது. மார்ச் தொடக்கத்திலேயே இப்படி ஒரு வெயில். சோதனைச் சாவடியில் பக்கத்து சீட்டுப் பெரியவரின் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. அவர் மாத்திரை போடும் நேரம். என் எவர்சில்வர் பாட்டிலை நீட்டினேன். குடித்துவிட்டு, கோத்தகிரி வரும்வரை தன் பேரனின் கல்யாணக் கதையைச் சொல்லி அந்தக் கடனை அடைத்தார்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். உடுமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. ஊடுபயிராகப் பூசணியும் பாகலும் போடுவோம். சில பட்டங்களாகவே பூசணியில் பெண்பூ நிறைய வந்தும் பிஞ்சு சூம்பி விழுகிறது. மகரந்தம் சேரவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. தோப்புக்கு மேற்கே எங்கள் பட்டாவிலேயே கொஞ்சம் கரட்டுக் காடு இருக்கிறது. அதை ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்து, வரிசையாகப் பூ மரம் வைத்தால் தேனீ தானாக வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். காட்டை நிரவிவிட்டுத் தேனீயைக் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காட்டோடும் தேனோடும் வாழ்கிறவர்களிடம் கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுக்கலாம் என்று கிளம்பிவிட்டேன்.

கோத்தகிரியில் சாயங்காலம் நாலரைக்கே காற்று குளிர்ந்துவிட்டது. டீயும் வர்க்கியும் சேர்த்து 30 ரூபாய். வர்க்கி கல் போல இருந்தால்தான் நல்ல வர்க்கி என்று கடைக்காரர் சொன்னார். டீயில் நனைத்ததும் அடுக்கடுக்காகப் பிரிந்து கரைந்தது. ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இந்த ஊரில் தேன் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. தேனெடுக்கும் பழங்குடிகளோடு வேலை செய்யும் கீஸ்டோன் அமைப்பு 1990களிலிருந்து இங்கேதான் இருக்கிறது. கடைத்தெருவில் காட்டுப் பொருள் விற்கும் ஒரு கடையில், விற்பனையில் இருந்த பெண் பொறுமையாக ஒவ்வொரு ஜாடியிலும் ஐஸ்கிரீம் குச்சியை விட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாவல் பூத்த சமயத்தில் எடுத்த தேனில் நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு நின்றது. அரைக் கிலோ 420 ரூபாய். கொசுத்தேன் சின்னக் குப்பியில், அதைவிடப் பல மடங்கு விலை. புளிப்பாக, மருந்து மாதிரி.

"நாலு தேனீக்கும் நாலு வீடுக்கா" என்றார் அவர். மலைத்தேனீக்குப் பாறை, இல்லையென்றால் பெரிய உயர்ந்த மரம். கொம்புத்தேனீக்குப் புதரில் ஒரு குச்சி. அடுக்குத்தேனீக்கு மரப்பொந்து. கொசுத்தேனீக்குச் சுவர் ஓட்டை, மர விரிசல். பூவைப் பற்றி விசாரிக்கப் போன எனக்கு முதலில் கிடைத்த பதில் வீட்டைப் பற்றியதாக இருந்தது.

மார்ச் 9, திங்கள் – கோத்தகிரிக்குக் கீழே

காலையில் பங்கு ஜீப்பில் 60 ரூபாய் கொடுத்துக் கீழே இறங்கினேன். தேயிலை முடிந்து காப்பிச் செடி, காப்பி முடிந்து காடு. கிழக்குச் சரிவில் இருக்கும் ஒரு குறும்பர் பழங்குடி ஊர் அது. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தேன் இருக்கும் இடம் தெரிந்தால் வெளியாட்கள் வந்துவிடுகிறார்களாம்.

என்னை அழைத்துப்போனவருக்கு அறுபது வயது இருக்கும். தேனெடுப்பதை மகனிடம் விட்டுவிட்டார். சட்டைப் பையில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மென்றுகொண்டே நடந்தார். கிளம்பும் முன் என்னைப் பார்த்து, "தலைக்கு எண்ணெயா, வாசனை ஏதாவது போட்டிருக்கியா கண்ணு?" என்று கேட்டார். தேங்காய் எண்ணெய் மட்டும்தான் என்றேன். அப்படியும் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஒரு திருப்பத்தில் எதிர்ப்பக்கம் முழுப் பாறை. வெறும் கண்ணுக்குக் கறுப்புத் திட்டுகளாகத் தெரிந்தன. பைனாகுலரில் பார்த்தால் பாறை விளிம்புக்குக் கீழே வரிசையாகத் தொங்கும் தேன் ராட்டுகள். மலைத்தேனீ ஒற்றை அடைதான் கட்டும், மூடி இல்லாமல் திறந்த வெளியில். பெரிய அடை ஒரு மீட்டர் அகலத்துக்கும் போகும். அடையை மூடியிருப்பது தேனீக்களின் உடம்புதான். குளவியோ பறவையோ பக்கத்தில் வந்தால் அந்தக் கறுப்பின் மேல் ஒரு அலை ஓடுகிறது. அத்தனை தேனீயும் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கி இறக்குவதால் வரும் அலை. அதை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று நான்கு முறை ஓடியது.

"இப்பத்தான் வந்து உக்காந்திருக்கு. தேன் சித்திரை, வைகாசிலதான்" என்றார். எங்கிருந்து வருகிறது என்றேன். கீழ்நாட்டில் இலவம் பூத்து முடிந்ததும் மேலே வரும், இங்கே தடசு, கடுக்காய், நாவல் என்று ஒவ்வொன்றாகப் பூக்கப் பூக்க இருக்கும், மழை பிடித்தால் கிளம்பிவிடும் என்றார். மலைத்தேனீக் கூட்டம் பூவைத் தேடி நூறு கிலோமீட்டருக்கு மேலும் இடம் மாறும். அடுத்த வருடம் அதே பாறைக்கு, பல சமயம் அதே இடத்துக்கே திரும்பி வரும்.

எந்தப் பாறை எந்தக் குடும்பத்துக்கு என்பது அவர்களுக்குள் தலைமுறையாக இருக்கிற ஏற்பாடு. எடுக்கும் நாளுக்கு முன்னால் விரதம் உண்டு. காட்டுக்கொடி ஏணியில் இறங்கும்போது மேலே கயிற்றுக்குக் காவல் நிற்பது மச்சான். "தங்கச்சி தாலி அவன் கையில இருக்கில்ல, விடமாட்டான்" என்றார். தேன் இருப்பது அடையின் மேல்மூலையில். கீழே முழுக்கப் புழுவும் முட்டையும். புழுப் பக்கத்தைத் தொடாமல் தேன் மூலையை மட்டும் அறுத்தால் கூட்டம் அங்கேயே இருந்து மறுபடி கட்டும். முழு அடையையும் அறுத்தால் அந்தக் கூட்டத்தின் அடுத்த தலைமுறை போய்விடும். வெளியாட்கள் பெட்ரோல் பந்தத்தோடு வந்து எரித்துவிட்டுப் போனதை அவர் சொன்னபோது குரலே மாறிவிட்டது.

2006 வன உரிமைச் சட்டப்படி தேன் சிறு வனப்பொருள். அதை எடுக்கவும் விற்கவும் பாரம்பரியமாகக் காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரிமை உண்டு. அதைச் சொன்னேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "பாறை எங்க பங்கு. பூ மரம் யார் பங்கு? அது மலை பூரா இருக்கு, எஸ்டேட்டுல இருக்கு, கீழ உங்க ஊருலயும் இருக்கு. அதை வெட்டினா பாறை இருந்து என்ன?" என்றார். எங்கள் தோப்பில் போன வருடம் வெட்டிய பழைய நாவல் மரம் அப்போது நினைவுக்கு வந்தது.

மதியம் அவர் வீட்டில் ராகிக் களி, கீரை, கொஞ்சம் அவரைக்கொட்டை. காசு கொடுக்க எடுத்ததும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையில் இருந்த வர்க்கிப் பொட்டலத்தைப் பேத்தியிடம் கொடுத்தேன், அது செல்லுபடியானது. வீட்டுச் சுவரில் ஒரு மண்பானை பதித்து, வெளிப்பக்கம் சின்ன ஓட்டை விட்டு அடுக்குத்தேனீ வைத்திருந்தார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்ததில் மணிக்கட்டில் ஒரு கொட்டு. அந்த அம்மா ஓடிவந்து நகத்தால் கொடுக்கை ஒரே வழியாக வழித்துப் போட்டார். கொட்டின இடத்தில் வாழைப்பழ வாசனை வருகிறது பார் என்று மோந்து பார்க்கச் சொன்னார். நிஜமாகவே வந்தது. அந்த வாசனைதான் மற்றத் தேனீக்களைச் சண்டைக்குக் கூப்பிடுவது. அதனால் அங்கே நிற்காதே என்று என்னைத் திண்ணையின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டார். ராத்திரி கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது.

மார்ச் 10, செவ்வாய் – ஊட்டி வழியாக மசினகுடி

பயண நாள். சாப்பாட்டைத் தவிர எல்லாம் சுமார்.

தொட்டபெட்டா சாலையில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே கொண்டுவந்தது. சீகை என்கிற வாட்டில் மரமும் ஏறக்குறைய அதே காலம். விறகுக்கென்று ஆரம்பித்து, புல்வெளியையும் சோலை ஓரத்தையும் பிடித்துக்கொண்டன. கற்பூர மரத்தைத் தேனீ ஒதுக்குவதில்லை, பூத்தால் மொய்க்கும், தேன் நிறையக் கிடைக்கும். சங்கடம் அது முடிந்த பிறகுதான். தோப்பு முழுக்க ஒரே மரம், ஒரே சமயத்தில் பூக்கும், பூ உதிர்ந்ததும் அடியில் ஒன்றுமில்லை. சோலையில் அப்படி இல்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று. காட்டுப் பூவரசு என்று இங்கே சொல்கிற ரோடோடென்ட்ரான் ஒரு பள்ளத்தில் கடைசிச் சிவப்புப் பூக்களோடு நின்றது, அதில் ஒரு தேன்சிட்டு. புல்வெளியும் சோலை ஓரமும் இருந்தால்தான் குறிஞ்சிக்கும் இடம். 2018இல் பூத்தது, இனி 2030இல். அன்றைக்கு அதற்கு வந்து சேர மலைமேல் தேனீ இருக்க வேண்டும். அதற்கு நடுவிலிருக்கும் பன்னிரண்டு வருடமும் அந்தத் தேனீ ஏதோ ஒன்றைத் தின்று உயிரோடு இருந்தாக வேண்டும் இல்லையா?

ஊட்டியில் சாப்பாடு 110 ரூபாய். கேரட்டும் பீன்ஸும் அன்று பறித்தது போல இருந்தது, ரசம் இரண்டு முறை வாங்கினேன்.

கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் பிரேக் தீய்ந்த வாசனை வந்து டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டார். முக்கால் மணி நேரம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாந்தி. கண்டக்டர் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்து, பின்சீட்டில் இருந்தவர்களை எழுப்பி அவளைப் படுக்க வைத்தார். மேலே ஸ்வெட்டர் போட்டவர்கள் எல்லாம் கீழே வந்ததும் கழற்றினோம். மேல்மலை ஈரமெல்லாம் போய், பழுப்பு நிற முள்ளுக்காடு தொடங்கிவிட்டது. மசினகுடியில் அறை 1,200 ரூபாய், வெந்நீர் காலையில் ஒரு பக்கெட்.

மார்ச் 11, புதன் – மசினகுடி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் நம் இஷ்டத்துக்கு நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. ஊரை ஒட்டிய பட்டா நிலங்களில் மட்டும் சுற்றினோம். கூட வந்தவர் இருளர், என் வயதுதான். கோடையில் தீக்காவலுக்குப் போகிறவர். "அக்கா, மெதுவா பேசுங்க, ஒத்தையானை இருக்கு" என்றுதான் ஆரம்பித்தார்.

முதலில் உண்ணிச்செடி. சாலையை விட்டு இறங்கினால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரே உண்ணிப் புதர். அழகுக்காக 1800களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த செடி, இன்று காடு காடாக நிற்கிறது. அதன் பூவில் அன்று எத்தனை பட்டாம்பூச்சி! நீலம், மஞ்சள், கறுப்பில் வெள்ளைப் புள்ளி. இதைப் போய் ஏன் பிடுங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அவர் குனிந்து ஒரு கிளையைத் தூக்கிப் பிடித்து, "உள்ள பாருங்க" என்றார். அடியில் இருட்டு. காய்ந்த சருகு, வெறும் தண்டுகள். ஒரு புல் இல்லை, ஒரு மரக்கன்று இல்லை. பட்டாம்பூச்சிக்கு அங்கே தேன் கிடைக்கும், ஆனால் அதன் புழு தின்ன வேண்டிய செடி அந்த நிழலில் முளைக்காது. நாவலும் தடசும் விழுந்த விதையிலிருந்து எழுந்து வராது. இன்றைய பெரிய மரம் செத்தால் அதன் இடத்துக்கு வர ஆளில்லை.

அப்புறம் ஒரு நிலத்துக்குக் கூட்டிப்போனார். வெளியூர்க்காரர் ஒருவருடையது, உண்ணியை எடுத்து மூன்றாவது வருடமாம். முழங்கால் உயரப் புல், காய்ந்திருந்தாலும் அடி பச்சை. இடையிடையே துத்தி, தும்பை, கிலுகிலுப்பை. கிலுகிலுப்பையின் காய்ந்த தண்டில் கறுப்பு வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் கொத்தாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஆண்கள் அதிலிருந்து ஒரு சத்தை எடுத்துத்தான் பெண்களைக் கவரும் வாசனையைச் செய்துகொள்கின்றன. புல்லுக்கு நடுவே நெல்லிக் கன்றுகள், யாரும் வைக்காதவை.

வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு நிலம். அது ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்தது. மண் புரண்டு, முழுக்கப் பார்த்தீனியக் களை.

எடுக்கும் முறையை எனக்குச் செய்து காட்டினார். தூரை இழுத்துப் பிடுங்கினால் மண் கிளறிப் பழைய விதையெல்லாம் முளைக்கும். மேலாக வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். புதரை ஒதுக்கி, தண்டு வேராக மாறும் இடத்துக்கு மூன்று நான்கு விரல் கீழே மண்வெட்டியால் வேரை ஒரே போடாக நறுக்க வேண்டும். நறுக்கியதைத் தலைகீழாகக் கவிழ்த்து அங்கேயே காயவிட வேண்டும். வேலை அதோடு முடிவதில்லை. கொண்டைக்குருவி பழத்தைத் தின்றுவிட்டுப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும், மழை விழுந்ததும் மரத்தடியெல்லாம் நாற்று. ஒவ்வொரு மழைக்கும் போய் அதைக் கையால் பிடுங்க வேண்டும். "மூணு வருசம் விடாம பிடுங்கினாத்தான் நிலம் நம்ம கைக்கு வரும்" என்றார். ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் எடுப்பதையும் அவர் விரும்பவில்லை. பாதியை விட்டு, எடுத்த பாதியில் வேறு பூ வந்த பிறகு மீதியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு வருடம் பூச்சிக்குத் தின்ன ஒன்றுமே இருக்காது.

சிறிது தூரத்தில் பட்டுப்போன ஒரு வேங்கை மரம். பட்டையெல்லாம் உரிந்து, உச்சி முறிந்து நின்றது. நான் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன், அவர் நிறுத்தினார். தண்டில் விரல் நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டைகள், துரப்பணம் போட்ட மாதிரிக் கச்சிதம். அடியில் புதிய மரத்தூள். சற்று நேரத்தில் ஒரு பெரிய கருவண்டு, நாம் வண்டு என்று சொன்னாலும் அதுவும் தேனீ இனம்தான், மரத்தைக் குடைந்து வாழும் தச்சுத்தேனீ, ரீங்காரத்தோடு வந்து ஓட்டைக்குள் போனது. சரக்கொன்றைப் பூவைப் பிடித்து உதறி மகரந்தத்தைக் கொட்டவைப்பது இந்த மாதிரி வண்டுகள்தான். கொஞ்சம் மேலே ஒரு பொந்தில் அடுக்குத்தேனீ. கீழே ஒரு விரிசலில் பிசினால் செய்த சின்னக் குழாய், அதன் வாயில் ஐந்தாறு கொசுத்தேனீக்கள் காவல். ஒரு செத்த மரத்தில் மூன்று வகைக் குடித்தனம். "விறகுக்கு வர்றவங்க முதல்ல வெட்டுறது இதைத்தான்" என்றார். காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று போகிற எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் கரட்டிலும் அப்படி இரண்டு மரம் நிற்கிறது.

அதைவிட ஆச்சரியம் தரையில். வெயில் படும் ஒரு வெற்று மேட்டில் எறும்புப் புற்று மாதிரிச் சின்ன ஓட்டைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் மாவு போல மண் வளையம். குப்புறப் படுத்துப் பார்த்தேன். பின்னங்காலில் மஞ்சள் மகரந்தம் அப்பிய ஒரு சின்னத் தேனீ வந்து, ஓட்டையை இரண்டு முறை சுற்றி, தலையை விட்டு உள்ளே போனது. பத்து நிமிடத்தில் பக்கத்து ஓட்டைக்கு இன்னொன்று. இவை கூட்டமாக வாழ்வதில்லை, ஒவ்வொரு பெண்ணும் தனியாகக் குழி தோண்டி, உருண்டை பிடித்த மகரந்தத்தின் மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். உலகத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் தேன் சேர்த்து ராட்டு கட்டுபவை சில மட்டும். பெரும்பாலானவை இப்படி மண்ணுக்குள் வாழ்பவை. உழுது, நிரவி, சருகு மூடாக்குப் போட்டு, ஓர் அங்குலம் விடாமல் கன்று நட்டால் இவை எங்கே போகும்?

தீயைப் பற்றி அவரிடம் நிறையக் கேட்டேன். தை மாதம், பனி ஈரம் இருக்கும்போது வைத்த தீ தரையில் ஊர்ந்து போகும், மாசி பங்குனியில் பிடித்தால் மரத்தில் தாவும் என்றார். கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகளும் இதையேதான் சொல்கிறார்கள். முன்பு அவர்கள் வருடத் தொடக்கத்தில் சருகுக்குச் சின்னத் தீ வைப்பார்களாம். சரணாலயம் ஆனபின் அது நின்றது, அதற்குப் பிறகுதான் உண்ணியும் நெல்லி மரத்தில் புல்லுருவியும் பெருகியது என்பது அவர்கள் கணக்கு. தீயே வேண்டாம் என்பதும் எல்லா வருடமும் எரிப்பதும் இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும் கூட்டுக்கு மேலே ஓடும் சின்னத் தீ எட்டாது. காய்ந்த குச்சிக்குள் முட்டையிட்ட தேனீ போய்விடும். ஒரு துண்டு எரிந்தாலும் பக்கத்துத் துண்டு எரியாமல் இருந்தால் அங்கிருந்து திரும்பி வரும். எங்கள் மாதிரிச் சின்ன நிலத்தில் தீயை நினைக்கவே கூடாது, அது தெரிந்தவர்கள் கையில் இருக்க வேண்டிய விஷயம்.

சாயங்காலம் உடுமலைக்குப் போன் போட்டுச் சித்தப்பா மகனிடம் ஜேசிபிக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கச் சொன்னேன். சீமைக்கருவேலத்தை மட்டும் எடுக்கலாம், அதுவும் மூன்று துண்டாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு துண்டு. பட்ட மரத்தைத் தொடக்கூடாது. மேற்கு மேட்டை அப்படியே விடு. அவன், "அப்ப சுத்தம் பண்ணலைங்கறயா?" என்றான். வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

குப்புறப் படுத்ததன் பலன் ராத்திரி தெரிந்தது. இடுப்பு, முழங்கால் பின்புறம் எல்லாம் பொடி உண்ணிப் பூச்சி. விடுதிக்காரரின் மனைவி விளக்கெண்ணெயும் சாமணமும் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். காசு பேச்சே இல்லை. இரவுச் சாப்பாடு முட்டைத் தோசை, 50 ரூபாய்.

மார்ச் 12, வியாழன் – தெப்பக்காடு, கூடலூர்

காலையில் வெந்நீர் பக்கெட் வரவில்லை. சரி என்று முகத்தைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

தெப்பக்காட்டுக்கு அப்பால் சாலையோரத்தில் நெடுநெடுவென்று தேக்குத் தோட்டம். ஒரே வயது, ஒரே இடைவெளி, அடியில் காய்ந்த பெரிய இலைகள். தேக்கு பூப்பது மழைக்காலத்தில். இப்போது அங்கே ஒரு பூச்சிக்கும் வேலையில்லை. ஓடையோரம் வந்ததும் காட்சி மாறியது. நீர்மருது, புங்கம், நாவல், அத்தி. அத்தியின் பூவைக் கண்ணால் பார்க்க முடியாது, அது காய்க்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்றே இருக்கும் ஒரு சின்னக் குளவி காய்க்குள் நுழைந்துதான் மகரந்தம் சேர்க்கிறது. வனத்துறை மூன்று வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் ஓடையோரத்தைக் காப்பாற்றுவதை முதலாவதாக வைப்பேன். கோடையில் எல்லாம் காய்ந்த பிறகும் பூவும் ஈரமும் மிஞ்சுவது அங்கேதான்.

சாலையை ஒட்டி ஓர் உயர்ந்த இலவ மரத்தில் ராட்டுகள் தொங்கின, இருபதுக்குக் குறையாது. ஒரு காரிலிருந்து இறங்கிய இளைஞர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அடியில் போய் நின்றார்கள், ஒருவன் கல்லைக் குனிந்து எடுத்தான். எங்கள் ஜீப் டிரைவர் வண்டியை நிறுத்திக் கத்தியதில் கல்லைப் போட்டுவிட்டு ஓடினான். "அது உங்கள மட்டும் கொட்டாது தம்பி, இந்த ரோட்டுல ஒரு மணி நேரத்துக்கு வர்ற அத்தனை பேரையும் கொட்டும்." மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் பூவுக்குப் போகும் என்று அதே டிரைவர்தான் சொன்னார். பௌர்ணமி ராத்திரிகளில் மரத்தடியில் இரைச்சல் கேட்குமாம்.

கூடலூரில் புட்டும் கடலையும் கட்டன் சாயாவும் 65 ரூபாய். புட்டு ஆவி பறக்க வந்தது. அன்றைக்கு அதுதான் நல்ல சாப்பாடு.

மார்ச் 13, வெள்ளி – பந்தலூர்

நேற்று ராத்திரி பந்தலூருக்கு வந்து இறங்கியபோதே காற்றில் மல்லிகை மாதிரி வாசனை. காப்பி பூத்திருக்கிறது. போன வாரம் ஒரு நல்ல மழை, அதிலிருந்து எட்டாம் ஒன்பதாம் நாள் மொட்டெல்லாம் ஒரே சமயத்தில் விரியும், இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும். அது பூத்திருக்கும் நாளில் நான் வந்து சேர்ந்தது அதிர்ஷ்டம்.

தங்க இடம் கொடுத்த பாட்டி இலங்கையில், நுவரெலியாவில் பிறந்தவர். மலையகத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். காலையில் மரவள்ளிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாயும் வெங்காயமும் தட்டி எண்ணெய் ஊற்றி வைத்தார். "வடிவா சாப்பிடு மகள்" என்று இரண்டாம் முறை வைத்தார். காரத்தில் கண்ணீர் வந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

அவருடைய மருமகனுக்குத் தெரிந்தவரின் தோட்டம், ஐந்து ஏக்கர் ரொபஸ்டா. ஏழு மணிக்குப் போனோம். ஒவ்வொரு கிளையிலும் வெள்ளை அடுக்கு. செடிக்குச் செடி மலைத்தேனீ. ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். காற்று கொஞ்சம் கொண்டுவரும், மீதி தேனீ. குடகு ரொபஸ்டா தோட்டங்களில் ஆய்வு செய்தவர்கள் பூவுக்கு மிக அதிகமாக வருவது மலைத்தேனீதான் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தேனீ தோட்டத்தில் குடியிருப்பதில்லை, காட்டிலிருந்து வருகிறது. காப்பி அதற்குச் சோறு போடுவது வருடத்தில் சில நாட்கள்தான். மற்ற நாளெல்லாம் காடும் நிழல் மரங்களும் போட வேண்டும்.

தோட்டக்காரர் இரண்டு பக்கத்தையும் காட்டினார். மேல்பக்கம் சில்வர் ஓக் வரிசை, நேராக, மிளகு ஏற வசதியாக, வெட்டி விற்கவும் சுலபமாக. கீழ்ப்பக்கம் அப்பா விட்டுவைத்த ஈட்டி, அத்தி, பலா, முள்முருக்கு. அந்தப் பக்கம்தான் காய் நெருக்கமாகப் பிடிக்கிறது என்றார். நிழல் கூடிப்போய்ச் சில வருடம் விளைச்சல் குறைவதையும் மறைக்கவில்லை. கவாத்து செய்ய ஆள் கூலி 700 ரூபாய், கிடைப்பதில்லை. அவரிடம் பேசும்போது 'இதைச் செய்யுங்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. மிளகு விலை எறும்பு மாதிரி ஏறி இறங்கும்போது சில்வர் ஓக்தான் அவரைக் காப்பாற்றுகிறது.

கீழ்ப்பக்கத்தின் மூலையில் பட்டுப்போன ஒரு பெரிய பலா. அடுத்த வாரம் ஆள் வருகிறது வெட்ட என்றார். தண்டில் மசினகுடியில் பார்த்த அதே வட்ட ஓட்டைகள், இரண்டு ஆள் உயரத்தில் பொந்தும் இருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வேங்கை மரத்தில் பார்த்ததைச் சொன்னேன். பூ பூத்து முடியும்வரைக்குமாவது விட்டுவைக்கலாமே என்றேன்.

"விட்டா காத்துல வீட்டு மேல சாயும். மழைக்கு முன்னால இறக்கணும்" என்றார். அதில் நியாயம் இருந்தது, பிள்ளைகள் விளையாடுகிற இடம். கூட வந்த மருமகன்தான் யோசனை சொன்னார், முழுசாக ஏன் வெட்ட வேண்டும், மேலே இருக்கும் கனத்த கிளைகளை மட்டும் கழித்துவிட்டு ரெண்டு ஆள் உயரத்துக்கு மேலாகத் தண்டை நிறுத்தினால் சாயாது. பொந்துக்கு மேலே எத்தனை அடி விட வேண்டும் என்று அவர்கள் இருவரும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அளந்தார்கள். தோட்டக்காரர் தண்டைத் தட்டிப் பார்த்தார், அடி கெட்டியாக இருந்தது. சரி, மரம் அறுக்கிறவனிடம் சொல்லிப் பார்க்கிறேன், கிளை மட்டும் என்றால் கூலியும் பாதிதான் என்றார். கழித்த கிளைகளை எரிக்காமல் வேலியோரம் குவித்து வைக்கவும் சம்மதித்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கூடலூர் பஸ். பாட்டி கிழங்கு நாலைந்தும் ஒரு தாள் பொட்டலத்தில் காந்தாரியும் கட்டிக் கொடுத்தார்.